கடைசிப் பாரில் கோணல் தண்டு

ஆடி 9, வெள்ளி

நேத்து ஆசுபத்திரியில இருந்து கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. கார்ல ஏறி உக்காந்ததும் ரெண்டு கையையும் எங்க வெக்கறதுன்னு தெரியலை. துணிப்பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன்.

இது உரக்கடையில குடுத்த டைரி. தண்ணி கட்டின நாளை இவர் இதுல குறிச்சு வெப்பார். சித்திரையோட விட்டுட்டார். மிச்சத் தாளெல்லாம் சும்மா கெடந்துச்சு. நான் ஏழாவது வரைக்கும் படிச்சவ. தப்பு இருந்தா இருக்கட்டும், ஆரு பாக்கப் போறாங்க.

என்னைச் சின்ன ரூம்புல படுக்க வெச்சிருக்காங்க. சன்னல் ரோட்டைப் பாத்து இருக்குது. தோட்டம் வீட்டுக்குப் பின்னாடி. சம்பங்கிக் கெழங்கு நட்டு முடிச்ச அடுத்த வாரம்தான் எனக்கு வலி வந்துச்சு. முளைச்சுதா இல்லையான்னு தெரியலை.

கொழந்தைக்குக் கழுத்துல கொடி சுத்திக்கிச்சாம். வயித்தைக் கிழிச்சு எடுத்தும் சத்தம் இல்லையாம். எனக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. பொட்டப்புள்ளைன்னு நர்சு சொன்னாங்க. வேற ஆரும் அதுகூடச் சொல்லலை.

ஆடி 10, சனி

பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லாட்டம் ஆயிருச்சு. சீலையெல்லாம் நனைஞ்சுது. மாமியார் ஒரு கூடை மல்லியப்பூ கொண்டாந்து ஈரத்துணியில பரப்பி நெஞ்சோட இறுக்கிக் கட்டி உட்டாங்க. பூ வெச்சாப் பால் வத்திருமாம்.

"அத்தை, மூச்சு முட்டுதுங்க"ன்னேன்.

"முட்டத்தான் செய்யும். ரெண்டு நாளைக்குப் பொறுத்துக்க கண்ணு."

கட்டும்போது தோடு கழண்டு விழுந்துச்சு. எடுத்துப் போட்டு உட்டுக்கிட்டே சொன்னாங்க, "இந்தக் காதுக்கு எந்தத் தோடும் நிக்காது போ. தொங்கற மடலே இல்லாம கன்னத்தோட ஒட்டிக் கெடக்குது. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே எங்கண்ணுல பட்டது இதுதான்."

ராத்திரி பூராவும் என்ற மேல மல்லியப்பூ வாசம்.

ஆடி 12, திங்கள்

தூறல். கதவைச் சாத்தியே வெச்சிருக்காங்க.

ஆடி 16, வெள்ளி

இவர் கஞ்சி கொண்டாந்து வெச்சார். கேட்டுட்டேன்.

"எங்க வெச்சீங்க?"

டம்ளரைக் கேக்கறேன்னு நெனைச்ச மாதிரி சுத்தியும் பாத்தார். அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டார்.

கொஞ்ச நேரத்துல மாமியார் வந்தாங்க. கட்டில் ஓரத்துல உக்காந்தாங்க. திட்டலை.

"அவனைக் கேக்காத பரமு. அவனால சொல்ல முடியாது. பெத்தவளுக்கு எடம் தெரியக்கூடாது. தெரிஞ்சா போய் அங்க நின்னு அழுவா. அழுதா அடுத்தது தங்காது. இது நான் வெச்ச சட்டம் இல்ல."

"உங்களுக்குத் தெரியுமுங்களா அத்தை?"

"ஆம்பளைங்க போயி வெச்சுட்டு வந்தாங்க. எனக்கும் ரெண்டு போச்சு, சென்னிக்கு முன்னாடி. எங்க வெச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தெரியாததாலதான் இவன் பொழைச்சான்."

சென்னின்னா இவர்தான். சென்னியப்பன். இவர் பொழைச்சதை என்னால குத்தமாச் சொல்ல முடியுமா. திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. எல்லாரும் ஆத்துக்குப் போயிட்டாங்க. வீட்டுல நான் மட்டும். பின்கதவு வெளிய கொண்டி போட்டிருந்துச்சு. தண்ணி குடிக்க எந்திரிச்சப்பத்தான் தெரிஞ்சுது. முன்கதவும் அப்படித்தான்.

தையல் போட்ட எடம் வலிக்குது. சன்னல் கம்பியைப் புடிச்சு ரொம்ப நேரம் நின்னுட்டேன் போல.

ஆடி 25, ஞாயிறு

சிந்தாமணியக்கா பாக்க வந்துச்சு. எங்க தோட்டத்துல நடவு, களை, பூப் பறிக்கறது எல்லாத்துக்கும் வர்றது அதுதான். வாசப்படியிலயே உக்காந்துக்கிச்சு. மாமியார் உள்ள அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தாங்க, காது எங்க பக்கம்.

"கெழங்கு முளைச்சிருச்சு அம்மிணி. பார் மேல நட்டது பொடவைக் கரையாட்டம் வரிசையா வந்திருக்குது. பாத்தியில நட்டதுதான் அங்கொண்ணு இங்கொண்ணு. உங்கூட்டுக்காரருக்கு ஆரு சொன்னாங்க பாத்தியில நடச் சொல்லி?"

இந்த வருசம் பாதி நெலத்துல மண்ணை வரிசையா மேடு ஏத்திப் பார் புடிச்சு நட்டோம். மிச்சப் பாதியில சமமாப் பாத்தி கட்டி நட்டோம். பாத்தியில தண்ணி கட்டறது சுலபம்னு இவர் எங்கயோ கேட்டுட்டு வந்தார்.

"ஆரு நட்டதுன்னு முளைப்பைப் பாத்தே சொல்லிப்போடுவேன். நான் நட்டது ஆழம். லேட்டாத்தான் வரும், காத்தடிச்சாச் சாயாது. நீ நட்டது மேலாப்புல. முதல்லயே எட்டிப் பாக்குது. உன்ற கெழங்கும் உன்னாட்டத்தான், ஆராச்சும் கூப்பிட்டாப் போதும்னு ஓடியாருது."

சிரிச்சுட்டேன். சிரிச்சதும் தையல் இழுத்துச்சு. அப்புறம் கொரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"ஓடைப் பள்ளத்துப் பக்கம் எங்கயாச்சும் புதுசா மண்ணு கெளறியிருக்குதாக்கா?"

அக்கா மூஞ்சி மாறிப்போச்சு. முந்தானையை ஒதறிக்கிட்டு எந்திரிச்சுது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி. நீ என்ன கேட்டேன்னும் எனக்குத் தெரியாது."

உள்ள முறம் நின்னுபோச்சு.

ஆவணி 6, வெள்ளி

தலைக்குத் தண்ணி ஊத்தி வெளிய உட்டாங்க. மாமியார் கூடவே வந்தாங்க. எத்தனையோ நாள் கழிச்சுத் தோட்டம் பாக்கறேன். வெளிச்சம் கண்ணைக் கூசுச்சு.

அக்கா சொன்னது சரிதான். பார்ல நட்டது கையளவு வந்து பச்சைப் பசேல்னு நிக்குது. பாத்தியில தண்ணி தங்கிக் கெழங்கு அழுகியிருக்குது. முளைச்சதும் வெளிறிப்போய் புல்லாட்டம் இருக்குது. நான் நட்டதெல்லாம் எனக்கு அடையாளம் தெரிஞ்சுது. நட்டப்ப வயித்தைத் தூக்கிக்கிட்டுக் குனிய முடியாம உக்காந்து நகந்து நகந்து நட்டேன். பெரிய கெழங்கு எல்லாம் ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். வேர்ப் பக்கம் கீழ, கொண்டை மேல, கொண்டை மண்ணுக்குள்ள மறைஞ்சும் மறையாம. சம்பங்கிக்கு அவ்வளவுதான் வேணும்.

கடைசிப் பாரும் நான் நட்டதுதான், கெணத்து வாய்க்காலை ஒட்டி. அதுல நடுவுல ஒரு எடம் மட்டும் முளைக்கலை. கட்டில் அகலம்கூட இருக்காது. ரெண்டு பக்கமும் நல்லா வந்திருக்குது.

எலி தின்னிருக்கும்.

ஆவணி 11, புதன்

களை எடுக்கப் போனேன். அத்தைதான் அனுப்பினாங்க, சும்மா படுத்திருந்தா ஒடம்பு ஊறிப்போயிருமாம். அவங்க பின்வாசல்ல உக்காந்துக்கறாங்க. நான் எந்தப் பார்ல இருக்கறேன்னு அங்க இருந்தே தெரியும்.

ஆட்டைப் பூவரசுல கட்டினேன். தோட்டத்துல நெழலுக்கு இருக்கறது அந்த ஒரு மரந்தான். மாமியார் அங்க இருந்தே கத்தினாங்க. "பூவரசுல கட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது! மண்ணெல்லாம் கெளறிப்போடுது பாரு." ஆட்டுக்கு மண்ணைக் கெளறறதுதான வேலை. அவிழ்த்து வேற பக்கம் கட்டினேன். அவங்க உள்ள போனதும் மறுபடியும் பூவரசுலயே கட்டிட்டேன். வெயில் அப்படி.

ஆவணி 19, வியாழன்

சிந்தாமணியக்கா முளைக்காத எடத்துல எல்லாம் போக்குக் கெழங்கு ஊனுச்சு. பாத்தியில பாதிக்கு மேல ஊன வேண்டி இருந்துச்சு. "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்"னு இவர் காதுல விழற மாதிரி பத்துத் தடவையாச்சும் சொல்லியிருக்கும். இவர் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தார்.

கடைசியா அக்கா கடைசிப் பாருக்கு வந்து களைக்கொத்தை ஓங்குச்சு.

"அதை விடு!"

இவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அக்கா ஓங்கின கையோட நின்னுது.

"இங்கயும் முளைக்கலைங்களே."

"விடுன்னு சொல்றன்ல. கெழங்கு பத்தாது."

சாக்குல பாதிக் கெழங்கு மிச்சம் இருந்துச்சு. மூணு பேரும் அந்தச் சாக்கைப் பாத்தோம். அக்கா களைக்கொத்தை எடுத்துக்கிட்டு அடுத்த பக்கம் போயிருச்சு. இவர் மம்முட்டியில மண்ணை வெட்டி, தொறந்திருந்த மடையையே மறுபடியும் தொறந்தார்.

நான் ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன்.

ஆவணி 20, வெள்ளி

எலி தின்னா கெழங்குத் தோல் மேல கெடக்கும். அங்க தோல் இல்லை.

ஆவணி 27, வெள்ளி

கடைசிப் பார்ல முளைப்பு வந்திருச்சு. இத்தனை நாள் கழிச்சு. ஒண்ணும் நேரா வரலை. வெளிறின குருத்து பக்கவாட்டுல மண்ணைப் பொளந்துக்கிட்டு, வளைஞ்சு, அப்புறம் மேல பாக்குது. கழுத்தைத் திருப்பிப் பாக்கற மாதிரி.

சுத்தியும் களை எடுத்தேன். களை இல்லாத எடத்துல எத்தனை நேரம் களை எடுக்கறது. பின்வாசல்ல மாமியார் உக்காந்திருந்தாங்க. கையைக் கொஞ்சம் உள்ள உட்டேன். மண்ணு அங்க மட்டும் பொதபொதன்னு இருந்துச்சு. விரல்ல முள்ளு ஏறிருச்சு. பார்த்தா எலந்தை முள்ளு. எங்க தோட்டத்துல எலந்தை கெடையாது, ரோட்டோரம் போய் வெட்டிக்கிட்டு வரணும். நாய் நரி கெளறாம இருக்கத்தான் முள்ளு வெட்டிப் போடுவாங்க.

ஒரு கெழங்கு விரலுக்குத் தட்டுப்பட்டுச்சு. வேர் மேல இருந்துச்சு. கொண்டை கீழ. பக்கத்துல இன்னொண்ணு, அதுவும் அப்படியே. அப்புறம் ஒண்ணு படுத்துக் கெடந்துச்சு. ஒண்ணு ரொம்ப ஆழத்துல.

நான் அப்படி நட மாட்டேன். சிந்தாமணியக்காவும் நடாது. இந்த வீட்டுல கெழங்கு நடத் தெரியாதவர் ஒருத்தர்தான். ஏர் ஓட்டுவார், பார் புடிப்பார், தண்ணி கட்டுவார். நடவு பொம்பளைங்க வேலை.

மண்ணை மூடிட்டேன்.

"என்ன பரமு, அங்கயே உக்காந்துட்டே?"ன்னு மாமியார் சத்தம் போட்டாங்க.

"முள்ளுங்க அத்தை."

ஆவணி 28, சனி

அழலை.

புரட்டாசி 9, வியாழன்

தண்ணி கட்டும்போது கடைசிப் பார்ல மட்டும் தண்ணி உள்ள எறங்குது. மண்ணு கொஞ்சம் தாழ்ந்திருக்குது. இவர் ஒரு கூடை மண்ணு கொண்டாந்து போட்டு, கையாலயே தட்டி உட்டார். மம்முட்டியில போடலை. நான் பாத்திப் பக்கம் குனிஞ்சுக்கிட்டேன்.

இப்ப எனக்குத் தெரியும்னு இவருக்குத் தெரியாது. தெரியும்னு மாமியாருக்குத் தெரிஞ்சா என்னைத் தோட்டத்துக்குள்ள உடவே மாட்டாங்க. அடுத்தது தங்காமப் போனா அதுக்கும் நான்தான்னு ஆயிரும். தெரியாத வரைக்கும் ரூம்புக்குள்ள அடைஞ்சு கெடந்தேன். தெரிஞ்சதுக்கு அப்புறம் தோட்டமே அடைச்ச மாதிரி இருக்குது. அங்க நிக்கவும் முடியலை, அங்க இருந்து வரவும் முடியலை.

என்ற அக்கா திருப்பூர்ல இருந்து ஃபோன் பண்ணுச்சு. "பத்து நாள் வந்து இருந்துட்டுப் போடி, மூச்சு விட்ட மாதிரி இருக்கும்"னு சொல்லுச்சு. போன மாசம் கூப்பிட்டிருந்தா நடந்தே போயிருப்பேன். பூ வர்ற நேரம்னு சொல்லிட்டேன்.

புரட்டாசி 30, வியாழன்

பார்ல நட்டது பூ எடுத்திருச்சு. விடியறதுக்கு முந்தித் தலையில லைட்டைக் கட்டிக்கிட்டுப் பறிக்கறோம். வெய்யில் பட்டு விரிஞ்சுட்டா மார்க்கெட்டுல எடுக்க மாட்டாங்க. நான் மேலாப்புல நட்டது முதல்ல பூத்துச்சு, ஆனா தண்டு கொஞ்சம் சாயுது. சிந்தாமணியக்கா ஆழமா நட்டது பின்னாடி வந்தாலும் கம்பாட்டம் நிக்குது. "பாத்தியா?"ன்னு அக்கா கேட்டுச்சு. "பாத்தேன், உன்ற தண்டும் உன்னாட்டத்தான், ஆரு சொன்னாலும் வளையாது"ன்னேன். பாத்தியில இன்னும் ஒரு தண்டுகூட வரலை.

அடுத்த வருசம் பூராவும் பார்தான்னு இவர் சொன்னார். சம்பங்கி ஒரே எடத்துல மூணு வருசம் நிக்கும். அப்புறம் மண்ணுக்குள்ள கெழங்கு பெருகி ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கும், பூ கொறைஞ்சுரும். எல்லாத்தையும் தோண்டிப் பிரிச்சு, நெழல்ல ஆறப் போட்டு, வேற எடத்துல நடணும். டிராக்டர் உட்டு ஓட்டுவாங்க.

மூணு வருசம்.

ஐப்பசி 12, புதன்

கடைசிப் பார்ல ஒரே ஒரு தண்டு பூ எடுத்திருக்குது. மத்ததெல்லாம் வெறும் இலை. அந்தத் தண்டும் கீழ கோணி, நடுவுல நிமிந்து, குட்டையா நிக்குது. மொக்கு கொஞ்சந்தான். ஆனா வெள்ளை அதே வெள்ளை.

சிந்தாமணியக்கா இன்னைக்கு வரலை. நானும் இவரும்தான். பறிச்சுக்கிட்டே வந்து ரெண்டு பேரும் கடைசிப் பாருக்கு ஒரே நேரத்துல வந்துட்டோம். நான் அந்தத் தண்டை விட்டுட்டு அடுத்ததுக்குப் போனேன். அந்தப் பக்கம் இருந்து வந்த இவரும் விட்டுட்டுத் தாண்டினார். அப்புறம் ரெண்டு பேரும் நின்னுட்டோம்.

சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்.

"கெழங்கைத் தலைகீழா வெச்சிருக்கீங்க."

"என்ன?"

"இங்க. கொண்டை கீழ போயிருக்குது. அதான் இப்படிக் கோணி வருது. நான் நட்டப்ப நேராத்தான் நட்டேன்."

இவர் கூடையைக் கீழ வெச்சார். இல்லைன்னு சொல்லுவார்னு பாத்தேன்.

"எடுத்து ஓரமாத்தான் வெச்சேன். திருப்பி நடறப்ப கண்ணு தெரியலை பரமு."

"இருட்டிருச்சுங்களா?"

"இல்லை. நல்ல வெயில்."

நான் பூவைப் பறிச்சேன். மாமியார் அந்நேரத்துக்கு எந்திரிச்சுப் பின்வாசலுக்கு வந்துருவாங்க.

"வேற எங்கீம் மம்முட்டி எறங்கலை. எல்லாம் கல்லு. கூட வந்த மாமன் பள்ளத்துக்கே போலாம்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். இது நீ நட்ட எடம். ஒரு வாரந்தான் ஆயிருந்துச்சு. மண்ணு மெத்துன்னு இருந்துச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

எதைன்னு அவர் கேக்கலை.

"துணியை வெலக்கிப் பாத்தேன். காது உன்ற காது. அப்படியே கன்னத்தோட ஒட்டிக் கெடந்துச்சு."

என்ற தோட்டைத் தொட்டுப் பாத்தேன். இருந்துச்சு.

அந்தத் தண்டைப் பாத்துக்கிட்டே, "எடுத்து நேரா நட்டரலாமா?"ன்னு கேட்டார்.

"வேண்டாம். அது வர்ற மாதிரி வரட்டும்."

"மூணு வருசம் கழிச்சுத் தோண்டறப்ப..."

"இந்தப் பார்ல டிராக்டர் வரக்கூடாது. நான் சொல்றேன்."

சரின்னார். அவர் சரின்னு சொன்னதும்தான் நான் அழுதேன். சத்தம் வராம முந்தானையைக் கடிச்சுக்கிட்டேன். அவர் எனக்கும் பின்வாசலுக்கும் நடுவுல வந்து நின்னு பூப் பறிச்சார்.

ஐப்பசி 14, வெள்ளி

வெடியால பறிச்ச பூவை மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டு நானும் மாமியாரும் அவரைக்காய் உரிச்சுக்கிட்டு இருந்தோம். கூடையில பொடிப்பூ கொஞ்சம் மிச்சம்.

"சென்னி உங்கிட்ட எதாச்சும் சொன்னானா?"

காயைப் பாத்துக்கிட்டேதான் கேட்டாங்க.

"இல்லீங்க அத்தை."

"உனக்கு எதாச்சும் தெரியுமா?"

"தெரியாதுங்க."

ஒரு காயை உரிச்சுக் கொட்டையைப் போட்டாங்க. இன்னொண்ணை எடுத்தாங்க.

"அப்படித்தான் சொல்லோணும். ஆரு கேட்டாலும். நானும் இத்தனை வருசமா அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கறேன்."

முறத்தை என்ற பக்கம் தள்ளி உட்டு எந்திரிச்சாங்க. கூடையில மிச்சம் இருந்த பொடிப்பூவை அள்ளி மடியில போட்டுக்கிட்டாங்க. எங்க போறீங்கன்னு கேக்கலை. களை பாக்கப் போற மாதிரி மெதுவா நடந்து போயி, பூவரசுக்குக் கீழ குனிஞ்சாங்க. திரும்பி வரும்போது மடியில பூ இல்லை.

மத்தியானம் ஆட்டுக்கு வேற பக்கம் முளைக்குச்சி அடிச்சேன். அங்க நெழல் கம்மிதான்.